சரதியல் ஏன் திருகோணமலைப் பக்கம் ஓடவில்லை?

வியாழன்

கண்டி வீதியில் கேகாலையைத் தாண்டி மாவனல்லைக்கு வரும் வழியில் உத்துவன்கந்தை மலை நிற்கிறது. அது சரதியலின் மலை என்பதால் பஸ்ஸில் போகிறவர்கள் இன்றைக்கும் ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கிய மாட்டு வண்டிகளும், அரிசியும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு திரும்பிய வண்டிகளும் இந்த வீதியால்தான் போய் வந்தன. அவற்றை மறித்துக் கொள்ளையடித்தவன் அவன். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று சிங்களவர்களும் சொல்வார்கள், நாங்களும் சொல்வோம். 1864 மார்ச் 21இல் மாவனல்லையிலேயே பிடிபட்டான், மே 7இல் கண்டியில் தூக்கிலிட்டார்கள். அவனோடு சேர்த்துத் தூக்கிலிடப்பட்டவர் மம்மலே மரிக்கார், கடைசிவரை அவனை விட்டுப் பிரியாத கூட்டாளி, எங்கள் பக்கத்து முஸ்லிம்.

நான் ஊரில் வரலாறு படிப்பிக்கிறேன். போன தவணையில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான், "சேர், பொலிஸ் தேடுதுண்டு அவனுக்குத் தெரியுந்தானே, அப்ப ஏன் தூரத்துக்கு ஓடல்ல?" ஏதோ பதில் சொன்னேன், ஆனால் எனக்கே அது போதவில்லை. திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மூத்த சகோதரியை, எங்கள் வழக்கில் தாத்தாவை, பார்க்க இந்த விடுமுறைக்குப் போவதென்று இருந்தது, அந்தக் கேள்வியையும் கூடவே கொண்டு போவோம் என்று யோசித்தேன். ஓடுகிறவன் ஓடக்கூடிய இடம் என்றால் திருகோணமலைதான் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு, காடு இருக்கிறது, கடல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது.

அதனால் கண்டிக்குப் போய் ஏறாமல் எதிர்ப்பக்கமாக அம்பேபுஸ்ஸவுக்கு இறங்கி, கொழும்பிலிருந்து வரும் திருகோணமலை பஸ்ஸைப் பிடித்தேன். அம்பேபுஸ்ஸவில்தான் கண்டி வீதியிலிருந்து திருகோணமலை வீதி பிரிகிறது, அங்கிருந்து திருகோணமலைக்குச் சுமார் 200 கிலோமீட்டர். இந்தச் சந்தியில் நின்றபோது எனக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. இலங்கையின் முதல் ரயில் கொழும்பிலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இதே அம்பேபுஸ்ஸ, 1864 டிசம்பர் 27. சரதியலைத் தூக்கிலிட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1867இல் ரயில் கண்டிக்கே போய்விட்டது, கோப்பி மாட்டு வண்டியை விட்டு ரயிலில் ஏறிவிட்டது. அவன் பிடிபடாமல் இருந்திருந்தாலும் மூன்று நான்கு வருடத்தில் மறிப்பதற்குப் பெரிய வண்டித் தொடர் இருந்திருக்காது. பாதைக் கொள்ளையனைப் பொலிஸ் முடிப்பது ஒரு பக்கம், பாதை மாறி முடிப்பது இன்னொரு பக்கம்.

குருணாகலில் இடம் கிடைத்தது. தம்புள்ளை வரை நித்திரை. ஹபரணைக்குப் பிறகு காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது, டிரைவர் இரண்டு இடத்தில் வேகத்தைக் குறைத்தார், யானை நிற்கலாமென்று கண்டக்டர் சொன்னார். கந்தளாய் வந்ததும் வயலும் வாய்க்காலுமாக வெளித்தது. ஆனால் கந்தளாய்க் குளத்தைப் பிரிட்டிஷார் திருத்திக் கட்டியது 1870களில், சரதியல் செத்த பிறகு. அவன் காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவன் நாட்கணக்காகக் காட்டையும் காய்ச்சலையும் தாண்டி வரவேண்டும்.

தம்பலகாமம் சந்தியில் இறங்கினேன். மச்சான் மோட்டார் சைக்கிளோடு நின்றார். நான் கொண்டு போன கித்துல் பாணிப் போத்தல்களைத் தாத்தா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிண்ணியாத் தயிர்ச் சட்டியும் எங்கள் ஊர்ப் பாணியும் ஒன்றாக வந்தன.

வெள்ளி

ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு எல்லோரும் முன் விறாந்தையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். தாத்தாவின் மாமனார் எருமைப் பட்டி வைத்திருந்தவர். பட்டியோடு மாதக்கணக்காகக் காட்டில் கிடந்த ஆள், கிண்ணியாவிலிருந்து கந்தளாய்ப் பக்கம் வரை எந்த மடுவில் எப்போது தண்ணீர் வற்றும் என்று அவருக்குத் தெரியும். இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடைக்கமாட்டார் என்று கேள்வியைக் கேட்டேன். அவருக்குச் சரதியல் கதை பேரளவில்தான் தெரியும். முழுக்கச் சொன்னேன், கொழும்பில் காவலிலிருந்து தப்பி வந்தது, மலையில் இருந்தது, மாவனல்லையில் ஒரு வீட்டில் இருக்கும்போது பொலிஸ் வந்து சுற்றி வளைத்தது எல்லாம்.

கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அவருக்கு உப்பு ஆர் குடுத்த?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார். காட்டில் இறைச்சி கிடைக்கும், தேன் கிடைக்கும், தண்ணீர் கிடைக்கும், உப்பு கிடைக்காது. அரிசியும் கிடைக்காது. துவக்குக்கு மருந்து காட்டில் காய்க்காது. ஒளித்திருக்கிறவன் எத்தனை நாளைக்கு ஒரு தடவையாவது ஒரு வீட்டு வாசலுக்கு வந்தே ஆகவேண்டும், அந்த வீட்டுக்காரன் மற்றவனுக்குச் சொல்லாமல் இருக்கவேண்டும். "ஒளிக்கிறண்டா காட்டுக்குள்ள இல்ல மகன், ஆக்களுக்குள்ளதான்."

அப்புறம் அவர் தன் அனுபவம் ஒன்றைச் சொன்னார். பட்டி கட்டியிருந்த இடத்துக்கு எங்கிருந்தோ ஒருவன் வந்து வேலை கேட்டிருக்கிறான், நல்ல பெடியன், நன்றாக வேலை செய்தான், ஆனால் ஒரு கிழமைக்குள் சுற்றுவட்டாரம் முழுவதும் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி, நீ ஆர்ர மகன்? எந்த ஊர்? ஆர்ர குடும்பம்? ஒரு நாள் காலையில் ஆள் இல்லை. அவன் ஒரு குற்றமும் செய்யாமல்கூட இருந்திருக்கலாம், கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போயிருக்கலாம் என்றார்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு உத்துவன்கந்தை வேறு மாதிரித் தெரிகிறது. அந்தப் பாறையை ஒரு கோட்டை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம், வீதி முழுவதும் தெரியும், ஏறுவது கஷ்டம், குகை இருக்கிறது என்று. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவனை வருடக்கணக்காகக் காப்பாற்றியது கல் இல்லை, கல்லைச் சுற்றியிருந்த வீடுகள். அங்கே யாரும் அவனிடம் நீ யாருடைய மகன் என்று கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். அவன் அரிசியைப் பங்கு போட்டுக் கொடுத்தான் என்ற கதையிலும் எனக்கு இப்போது இன்னொரு பக்கம் தெரிகிறது. அவன் மனது நல்ல மனதாக இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை, நம்பவே விரும்புகிறேன். ஆனால் கொடுக்காமல் அவனால் அங்கே இருந்திருக்கவும் முடியாது. வாங்கிய வீடுதான் வாயைத் திறக்காது.

அந்த ஊரை விட்டு இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்தால் அவன் வெறும் புதுமுகம். கந்தளாய்ப் பட்டிக்காரன் அவனுக்கு ஏன் உப்புக் கொடுக்கப் போகிறான்?

சனி

மச்சானோடு மூதூருக்குப் போனேன். கிண்ணியாவிலிருந்து மூதூர்ப் பாதை இப்போது பாலம் பாலமாகப் போகிறது, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று. முன்பெல்லாம் ஒவ்வொரு ஆற்றிலும் இறங்கி நின்று, மிதவைப் பாதை வரும்வரை காத்திருந்து, வாகனத்தை அதில் ஏற்றிக் கடந்த காலத்தை மச்சான் சொல்லிக்கொண்டே வந்தார். மகாவலி கடலில் விழுவது இங்கேதான். எங்கள் ஊரால் ஓடும் மா ஓயா மேற்கே போய்விடும், ஆனால் கண்டியைச் சுற்றிப் போகிற தண்ணீர் இங்கே கொட்டியாரக் குடாவில் வந்து சேர்கிறது. பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

மூதூருக்கு நான் போனது ஒரு கல்லைப் பார்க்க. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் முறிந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் சரிசெய்ய இந்தக் குடாவுக்குள் வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவனுடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு போனார்கள். ஒரு புளியமரத்தடியில் வைத்துப் பிடித்ததாகச் சொல்வார்கள், வெள்ளைக்காரன் மரம் என்று பெயர். அந்த நினைவுக் கல் இன்றும் மூதூரில் இருக்கிறது. மகனுக்கு அப்போது 19 வயது. தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துவிட்டார். மகன் திரும்பத் தப்பியது 1679இல்.

நொக்ஸ் கொள்ளைக்காரன் இல்லை, சிறைபிடிக்கப்பட்டவன். ஆனால் ஒரு நாட்டுக்குள் இருந்து ஓடித் தப்பிய ஆள் என்ற வகையில் சரதியலோடு அவனை வைத்துப் பார்க்காமல் என்னால் அந்தக் கல்லின் முன்னால் நிற்க முடியவில்லை. அவன் எப்படித் தப்பினான் என்பதுதான் முக்கியம். ஊர்களில் விடப்பட்டிருந்த அவன் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், கொஞ்சம் சேர்ந்ததும் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று மூட்டை கட்டிக்கொண்டு நடந்து வியாபாரம் செய்யத் தொடங்கினான். வருடக்கணக்காக வடக்குப் பக்கம் போய்ப் போய் வந்தான். பாதை எங்கே பிரிகிறது, எங்கே காவல் இருக்கிறது, எந்தக் கோடையில் எங்கே தண்ணீர் இருக்காது எல்லாவற்றையும் வியாபாரி என்ற பெயரில் பார்த்து வைத்துக்கொண்டான். போகிற ஊரெல்லாம் அவன் முகம் பழகிவிட்டது. கடைசியில் ஒரு நாள் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற இன்னொரு ஆங்கிலேயனோடு வழமைபோல மூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவன் திரும்பவில்லை. அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவை ஒட்டியே நடந்து, அக்டோபர் மாதம் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அது ஒல்லாந்தருடைய கோட்டை.

இங்கேதான் எனக்கு இரண்டாவது பதில் கிடைத்தது. நொக்ஸ் ஓடியது ஒரு அரசனின் நாட்டிலிருந்து இன்னொருவரின் கரைக்கு. அரிப்பில் கால் வைத்த நிமிடத்திலிருந்து இராஜசிங்கனின் ஆள் அவனைத் தொட முடியாது. சரதியலுக்கு அப்படி ஒரு கரை இல்லை. 1815க்குப் பிறகு இலங்கை முழுவதும் ஒரே ஆட்சி. மாவனல்லையில் தேடுகிற அதே அரசாங்கம்தான் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும். 1858இல் தந்தியும் வந்துவிட்டது. தப்பி ஓடுகிறவனுக்கு எல்லை என்று ஒன்று வேண்டும், அதைத் தாண்டினால் மூச்சு விடலாம் என்ற ஒரு கோடு. சரதியல் பிறப்பதற்கு முன்பே அந்தக் கோடு அழிந்துபோயிருந்தது.

கடல் இருந்ததே என்று மச்சான் கேட்டார். ஒரு வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போயிருக்கலாம்தானே என்று. நானும் அதைத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால் மூதூர்க் கரையில் நின்று பார்த்தால், இந்தக் குடாவின் அந்தப் பக்கம் திருகோணமலைத் துறைமுகம், அதில் அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை. மலைநாட்டிலிருந்து இறங்கி வருகிற, கடலில் பழக்கமில்லாத ஒருவன், பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று அறிவிக்கப்பட்டவன், எந்த மீன்காரரை நம்பி வள்ளத்தில் கால் வைப்பான்? மறுபடியும் மாமனாரின் கேள்விக்கே வந்துவிட்டோம், நீ ஆர்ர மகன்?

மத்தியானம் மூதூரில் ஒரு கடையில் சோறு, பாரை மீன் ஆணம், இறால் பொரியல். நல்ல ருசி. கறியில் தேங்காய்ப்பால் எங்கள் ஊரைவிடக் கூட.

ஞாயிறு

கிண்ணியாப் பாலத்தால் திருகோணமலை டவுனுக்கு வந்தேன். 2009இல் இந்தப் பாலம் திறந்தபோது இலங்கையிலேயே நீளமான பாலம் இதுதான், கிட்டத்தட்ட 400 மீட்டர். தாத்தாவின் மகன் என் முன்னால் உட்கார்ந்து, வாகனங்களை எண்ணிக்கொண்டே வந்தான்.

டவுனில் என் பல்கலைக்கழக நண்பன் இருக்கிறான். அவனோடு பிரெட்ரிக் கோட்டைக்குள் நடந்து கோணேசர் கோயில் வரை ஏறினோம். வழியெல்லாம் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயமில்லாமல் படுத்திருந்தன, மருமகனுக்கு அதுவே போதும். பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் 1622இல் இடித்தார்கள், அதே முனையில் கோட்டை கட்டினார்கள், பிறகு ஒல்லாந்தர், 1795இல் பிரிட்டிஷார். இன்றைக்கும் உள்ளே இராணுவம் இருக்கிறது. சுவாமி மலை உச்சியில் நின்று துறைமுகப் பக்கம் பார்க்கும்போது, சரதியல் இங்கே வந்திருந்தால் நேராக சிப்பாய்களின் மடியில்தான் விழுந்திருப்பான் என்று நண்பனிடம் சொன்னேன்.

நண்பனுடைய சித்தப்பா ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், சார்ஜன்ட். மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில். இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்க்காத பேச்சு அங்கேதான் நடந்தது. நான் சரதியல் என்று தொடங்கியதும் அவர், "சபானைக் கொன்ற கேஸ்தானே தம்பி?" என்றார்.

எங்கள் ஊரில் யாரும் அப்படித் தொடங்கமாட்டார்கள்.

1864 மார்ச் 21இல் மாவனல்லையில் பொலிஸ் அந்த வீட்டைச் சுற்றி வளைத்தபோது உள்ளேயிருந்து மம்மலே மரிக்கார் சுட்டதில் இறந்தவர் கான்ஸ்டபிள் சபான், மலாய்க்காரர். கடமையில் இறந்த முதல் இலங்கைப் பொலிஸ்காரர் என்று அவரைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மார்ச் 21ஐப் பொலிஸ் வீரர்கள் தினமாக நினைவுகூர்வதும் அந்த நாளை வைத்துத்தான். சித்தப்பா எத்தனையோ வருடம் அந்த அணிவகுப்பில் நின்றிருக்கிறார். தொண்ணூறாம் ஆண்டு தன்னோடு வேலை செய்த பலர் திரும்பி வரவில்லை என்பதை மட்டும் சொன்னார், அதற்கு மேல் போகவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "கதவுக்கு அங்கால ஆர் நிக்கிறான், கையில என்ன வைச்சிருக்கிறான் எண்டு தெரியாமத்தான் தம்பி நாங்கள் கதவைத் தட்டுறது. சபானும் அப்பிடித்தான் போயிருப்பார்."

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சரதியல் நாடகம் போடுவார்கள். சரதியலாக நடிக்க அடிபிடி. மரிக்காராக நடிக்கவும் ஆள் இருக்கிறது, கூட்டாளியைக் காட்டிக் கொடுக்காத விசுவாசம் என்று எங்களுக்கு அவர்மேல் ஒரு பெருமை உண்டு, எனக்கும் உண்டு, அதை நான் விடப் போவதில்லை. ஆனால் சபானாக நடிக்கிறவன் இரண்டு நிமிடம் மேடைக்கு வந்து சூடு வாங்கி விழுவான், சனம் கைதட்டும். அவரும் கலிமாச் சொன்ன ஒரு மனிதர், மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தவர், பெரிய இடத்து ஆள் இல்லை. ஏழைகளின் கதை என்று நாங்கள் சொல்லும் கதையில் செத்த ஏழை அவர்தான்.

இன்னொன்றும் அங்கே பேசும்போதுதான் எனக்குத் தெளிவாக வந்தது. ஓடாததற்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் சரதியலுக்குப் பொருந்தும், அவன் மலை, அவன் ஊர், அவன் ஆட்கள். மரிக்கார் விஷயம் அப்படி இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் தவாளம் கட்டி மாட்டில் பொதி ஏற்றி நாடு முழுவதும் வியாபாரம் போனவர்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரு முஸ்லிம் வியாபாரி வந்து இறங்கினால் நீ ஆர்ர மகன் என்ற கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருந்திருக்கும், பள்ளிவாசலில் படுக்க இடம் கிடைத்திருக்கும், சலாத்துக்குப் பதில் சலாம் கிடைத்திருக்கும். நொக்ஸ் போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து மறையக்கூடிய ஆள் அந்த இரண்டு பேரில் ஒருவர் இருந்தார் என்றால் அது மரிக்கார்தான். அவர் போகவில்லை. அவனோடு அந்த வீட்டில் இருந்தார், துவக்கை எடுத்தார், ஒரு மனிதரைக் கொன்றார், அவனோடு தூக்குமேடைக்குப் போனார். இது எனக்குப் பெருமையா துக்கமா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை, இரண்டும்தான்.

சித்தி வடையும் தேத்தண்ணியும் கொண்டு வந்து வைத்தார். மருமகன் தூங்கிவிட்டான். சித்தப்பா நாடகத்தை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார், வந்து பார்ப்பாராம்.

திங்கள்

காலை பஸ். தாத்தா கருவாடும் ஒரு சட்டித் தயிரும் கட்டித் தந்தாள், தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன், ஹபரணை தாண்டிவிட்டது.

நாடகத்தைத் திருத்தி எழுதப் போகிறேன். முதல் காட்சி வீதியில் வண்டி மறிப்பதோடு தொடங்காமல், சபான் விடியற்காலை உடுப்புப் போட்டுக்கொண்டு புறப்படுவதோடு தொடங்கவேண்டும். அடுத்து மரிக்காருக்கு ஒரு காட்சி, தவாளக்காரர் ஒருவர் இரவில் வந்து, கிழக்குப் பக்கம் மாடு போகிறது, கூட வா என்று கூப்பிடுகிறார். இது என் கற்பனை என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சபான் வேடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், நன்றாகக் கேள்வி கேட்கிறவன் நன்றாக நடிப்பான். அதற்கு முன் ஊரில் இருக்கும் மூத்தவர்களிடம் போய் மரிக்காரைப் பற்றி அவர்கள் வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், எண்பது தொண்ணூறு வயதுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், இந்தக் கிழமையே தொடங்கிவிடுவேன்.